வெளியைத் தொடாத செயல்

அன்றைக்குக் காலையிலிருந்தே கத்தரிக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழத் தோன்றியது. எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று தெரியவில்லை. தேநீர் இயந்திரத்துக்கும் தன் மேஜைக்கும் நடுவே அவள் நடந்த நடையில் தரைவிரிப்பு தேய்ந்திருக்க வேண்டும். காரணம் தெரியாத தவிப்பு என்று சொல்வதற்கில்லை. காரணம் நன்றாகவே தெரியும். வீட்டை விட்டுக் கிளம்பும்போது, கூடப் பிறந்த அண்ணனைப் பார்த்து, சாயங்காலம் நான் வரும்போது நீ இங்கே இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

கத்தரி என்று பெற்றவர்களா பெயர் வைப்பார்கள்? அலுவலகத்தார் கொடுத்த பட்டம் அது. கத்தரிப்பதுதான் அவள் வேலை. மனிதர்கள் கணினிக்காக எழுதுகிற நிரலை இயந்திரத்துக்குப் புரிகிற கட்டளைகளாக மாற்றித் தருகிற கம்பைலரைச் செய்யும் இடம் அந்த அலுவலகம். ஒரே தாவலில் மாற்றிவிட முடியாது. நடுவில் ஒரு மொழி வேண்டும். நிரலை எழுதியவருக்கும் அது புரியாது, இயந்திரத்துக்கும் புரியாது, கம்பைலருக்கு மட்டும் புரியும். இடைமொழி என்பார்கள். இடைமொழியில் வரிக்கு ஒரு செயல். கூட்டு, கழி, ஒப்பிடு, எடுத்து வா, கொண்டுபோய் வை, அவ்வளவுதான். ஒவ்வொரு செயலுக்கும் அட்டவணையில் ஒரு வரிசை இருக்கும். அது எதை வாங்கிக்கொள்ளும், எதைத் திருப்பிக் கொடுக்கும் என்று எழுதியிருக்கும். கடைசிக் கட்டத்தில் மட்டும் ஒரு கேள்வி: இது வெளியைத் தொடுமா? அதாவது, விடை கொடுப்பதைத் தவிர வெளியே எதையாவது மாற்றுமா?

அந்தக் கடைசிக் கட்டம்தான் கத்தரியின் ராஜ்ஜியம். ஒரு செயல் கொடுத்த விடையை அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை, அந்தச் செயல் வெளியே எதையும் தொடவும் இல்லை என்றால், அது இருந்தென்ன, போயென்ன? வெட்டு! அப்படித் தேடித் தேடி வெட்டுகிற பகுதியை எழுதியவள் அவள்தான். வெட்ட வெட்ட நிரல் இளைக்கும், வேகம் பிடிக்கும், வாங்குகிறவர்களுக்கு வாயெல்லாம் பல்லாகும். இந்த வேலையில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

வீட்டிலும் அதே கைதான். மூடி தொலைந்த டப்பா, கம்பி உடைந்த குடை, ஒற்றைக் கையுறை, எதுவும் அவள் கண்ணில் பட்டால் தப்பாது. குடியிருப்பின் அரட்டைக் குழுவில் விடிந்தால் பூப்படம் போட்டு வணக்கம் சொல்கிறார்கள் என்று, அதிலிருந்தும் போன வருடமே விலகிவிட்டாள். லிஃப்டுக்காக நிற்பதுகூட அவளுக்கு ஆகாது. ஐந்து மாடியும் படிதான். நின்று காத்திருக்கிற நேரத்தில் நடந்தே போய்விடலாமே என்பாள். அவளால் வெட்ட முடியாமல் மிச்சம் இருந்தது அண்ணன் ஒருவன்தான்.

அண்ணனை வீட்டில் பெரியவன் என்று கூப்பிடுவார்கள். பார்த்த வேலையை இரண்டு வருடத்துக்கு முன்னால் விட்டான். ஏன் என்று கேட்டால், "பிடிக்கல" என்பான். அத்தோடு சரி. பால்கனியில் அவனுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. பக்கத்தில் அப்பாவின் சக்கர நாற்காலி. பக்கவாதத்தில் அப்பாவின் வலது பக்கம் விழுந்த நாளிலிருந்து இரண்டு பேரும் அங்கேதான். பேசிக்கொள்வார்களா என்றால் அதுவும் கிடையாது. "என்னண்ணா பண்ற?" என்று கேட்டால், "சும்மா பாத்துட்டு இருக்கேன்" என்று பதில் வரும். கேட்கிறவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தெரிந்தவர் ஒருவர் மூலமாக வேறொரு ஊரில் கிடங்கு ஒன்றில் வேலை பார்த்து வைத்தாள். தங்க அறையும் பார்த்து வைத்தாள். போகிறேன், போகிறேன் என்றான். கிளம்பினால்தானே! அன்றைக்குக் காலையில் அவன் பெட்டி கூடத்தில் அடுக்கியபடியே கிடந்தது. ஆள் பால்கனியில். கத்தரிக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது.

"வேல பாத்துக் குடுத்தாச்சு, ரூம் பாத்துக் குடுத்தாச்சு. பஸ்ல ஏற வேண்டியது ஒண்ணுதான் பாக்கி. அதையும் உனக்குப் பதிலா நானே ஏறணுமா? தண்டச்சோறு திங்கறதுக்கும் ஒரு அளவு வேணாமா?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. அடுப்படி வாசலில் அம்மா கையில் கரண்டியோடு அப்படியே நின்றாள். அப்பா தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னதைத் திருப்பி வாங்கத் தெரிந்தவளா அவள்? ஏறிய கோபத்திலேயே மேலும் பேசினாள்.

"பெட்டிய எடு, கிளம்பு. சாயங்காலம் நான் வரும்போது பெட்டியும் இருக்கக் கூடாது, நீயும் இருக்கக் கூடாது."

பெரியவன், "சரி" என்றான். எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்தச் 'சரி' காலையிலிருந்து செருப்புக்குள் விழுந்த கல் மாதிரி அவளை நடக்க விடவில்லை.

பத்து மணி வாக்கில் லிஃப்ட் கம்பெனிக்காரர் போன் செய்தார். கத்தரியின் அலுவலகம் செய்த புதுக் கம்பைலரை முதலில் வாங்கியவர் அவர். அவர்களிடம் பழைய லிஃப்டுகளை ஓட்டுகிற நிரல் ஒன்று இருந்தது. அதைப் புதுக் கம்பைலரில் போட்டுப் பார்க்க ஒரு பழைய லிஃப்ட் வேண்டும் என்றபோது, எங்கள் குடியிருப்பிலேயே போடுங்கள் என்று கத்தரிதான் முந்திக்கொண்டு சொன்னாள். ஒரு வருடத்துக்குப் பழுது பார்ப்பது இலவசம் என்றார்கள். குடியிருப்புச் செயலாளர் தன் வாழ்க்கையில் முதல் தடவையாக அவளைப் பார்த்துச் சிரித்தார்.

மேலாளர் போனை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தார்.

"பிரமாதம் மேடம்! நிரல் எப்படி இளைச்சுடுச்சு தெரியுமா? இன்னைக்குக் காலைல உங்க பில்டிங்ல போட்டுட்டோம். எங்க ஆளுங்க இப்பதான் முடிச்சுட்டுக் கிளம்பினாங்க. முன்ன மாதிரி தூங்கி வழியறதே இல்லையாம். கதவு சாத்தின உடனே பறக்குதாம்!"

எல்லோரும் கை தட்டினார்கள். மேலாளர் அவள் தோளைத் தட்டிவிட்டு, "கத்தரின்னா கத்தரிதான்" என்றார். கத்தரியும் சிரித்தாள். நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். உடனே எழுந்தாள்.

கதவு சாத்தின உடனே பறக்குதாம். அதெப்படி? கம்பைலர் கணக்கை வேகமாகப் போட வைக்கும். கதவு இரும்பு. அதை இழுப்பது மோட்டார். மோட்டாரிடம் போய், தம்பி, கொஞ்சம் சுறுசுறுப்பாக இழு என்று எந்தக் கம்பைலராலும் சொல்ல முடியாது. அப்புறம் எங்கிருந்து வந்தது இந்தப் பறப்பு?

லிஃப்ட் நிரலின் இடைமொழியைத் திறந்தாள். ஆயிரக்கணக்கான வரிகள். கதவை இழுக்கிற இடத்தைத் தேடிப் பிடித்தாள். 'கதவை இழு.' அடுத்து, 'பூட்டு விழுந்ததா என்று பார்.' அதற்கடுத்து, 'மோட்டாரை ஓட்டு.' மூன்றும் ஒன்றன் பின் ஒன்றாகக் கச்சிதமாக நின்றன. அந்தக் கச்சிதம்தான் தப்பு. கதவுக்கும் பூட்டுக்கும் நடுவில் ஒரு 'காத்திரு' இருக்க வேண்டும். அதைக் காணோம்.

ஏன் இருக்க வேண்டும் என்று லிஃப்ட் கம்பெனிக்காரர் முதல் நாளே விளக்கியிருந்தார். பழைய லிஃப்டின் கதவு சட்டத்தில் மோதி, விரலளவு பின்வாங்கி, திரும்பப் போய் ஒட்டும். மோதிய கணத்தில் பூட்டின் முள்ளும் ஆடும். விழுந்தேன், இல்லை, விழுந்தேன், இல்லை என்று உளறும். அந்த உளறலை நம்பக் கூடாது. ஒரு மூச்சு விடுகிற நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பிறகு கேட்டால் உண்மையைச் சொல்லும். அதற்காகத்தான் இடைமொழியில் 'காத்திரு' என்று ஒரு புதுச் செயலைச் சேர்த்தார்கள். சேர்த்தது யார்? கத்தரியேதான்.

அட்டவணையைத் திறந்தாள். வாங்கிக்கொள்வது: எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும். திருப்பிக் கொடுப்பது: உண்மையில் எவ்வளவு நேரம் ஆனது. வெளியைத் தொடுமா: இல்லை.

இல்லை என்று போட்டவளும் அவள்தான். போட்ட கணம்கூட நினைவுக்கு வந்தது. யோசிக்கவே இல்லை. காத்திருக்கிற செயல் எதையும் எழுதாது, எதையும் படிக்காது, யாரையும் கூப்பிடாது. அது போய் எதைத் தொடப்போகிறது?

பக்கத்து மேஜையில் சல்லடை இருந்தாள். சோதனை செய்கிறவள். கல் ஒன்றுகூட அவள் கண்ணுக்குத் தப்பாது என்பதால் அந்தப் பெயர்.

"ஏய், 'காத்திரு'வை நீ எப்படிச் சோதிச்ச?"

"எல்லா விதத்துலயும்தான். குறைஞ்ச நேரம், கூடின நேரம், பூஜ்யம்..."

"காத்திருந்துட்டு என்ன பண்ண?"

"எவ்வளவு நேரம் ஆச்சுன்னு வாங்கி அச்சடிச்சுப் பாத்தேன். வேற எப்படிச் சரி பாக்கறது?"

"எல்லாத்துலயும் அச்சடிச்சியா?"

"ஆமா."

"சும்மா காத்திருந்துட்டு, விடையக் கேக்காம அடுத்த வேலைக்குப் போற மாதிரி ஒண்ணுகூட எழுதலையா?"

"யாராவது விடையக் கேக்காம..." என்று ஆரம்பித்த சல்லடை சட்டென்று எழுந்துவிட்டாள். "ஐயோ! லிஃப்டுக்காரங்க கேக்க மாட்டாங்க. அவங்களுக்கு விடை எதுக்கு?"

விடையை யாரும் கேட்கவில்லை. வெளியைத் தொடவில்லை என்று அட்டவணை சொல்கிறது. கத்தரி எழுதிய பகுதி வந்து பார்த்தது, தண்டம் என்று வெட்டியது, போனது. எழுதியவள் சொன்னதை ஒரு எழுத்து பிசகாமல் செய்திருக்கிறது. அதைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

"கடைசிக் கட்டத்த 'ஆமா'ன்னு மாத்து. கம்பைலரப் புதுசாச் செஞ்சு அவங்களுக்கு அனுப்பு" என்றாள் கத்தரி. மாற்றுவது ஒரு நொடி வேலை. ஆனால் லிஃப்டுக்குள் உட்கார்ந்திருப்பது பழையது. கடிகாரத்தைப் பார்த்தாள். பதினோரு மணிக்கு அப்பாவுக்கு மருத்துவரிடம் நேரம் வாங்கியிருந்தது. இந்நேரம் அம்மா அவருக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருப்பாள். பிறகு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு லிஃப்டுக்கு வருவாள். கதவு மோதும், பின்வாங்கும், அந்த இடைவெளியோடே லிஃப்ட் கிளம்பும். அப்பாவின் வலது கால் நாற்காலியின் மிதிபலகையில் நிற்காது. எப்போதும் வெளியே தள்ளிக்கொண்டுதான் இருக்கும். அவருக்கு அது தெரியக்கூடத் தெரியாது.

கத்தரி எடுத்தாள் ஓட்டம். பை ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். தெருவுக்கு வந்து டாக்சியில் ஏறிய பிறகுதான் மேலாளரிடம் சொல்லவே இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

அம்மாவுக்கு அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தது. அம்மாவின் போன் அடுப்படி அலமாரியில் சார்ஜரோடு கட்டிப்போட்ட ஆடு. அதை எடுத்துக்கொண்டு நடமாட வேண்டும் என்று அம்மாவுக்குத் தோன்றியதே இல்லை. லிஃப்ட் கம்பெனிக்காரருக்கு அடித்தாள். விஷயத்தைச் சொன்னதும் மனிதர் பதறிப்போனார். ஆட்கள் ஊரின் மறுகோடிக்குப் போய்விட்டார்களாம், திருப்பி அனுப்புகிறாராம். மொட்டைமாடி இயந்திர அறையில் பெரிய சுவிட்ச் இருக்கிறதாம், அதை அணைத்தால் போதுமாம், சாவி செயலாளரிடம் இருக்கிறதாம். செயலாளரின் எண்? அது குழுவில் இருக்கும். குழுவில் எல்லோரும் இருக்கிறார்கள், அவளைத் தவிர. ஒரு வார்த்தை அதில் போட்டால் ஐந்து மாடிக்கும் தெரிந்துவிடும். பூப்படத்துக்குப் பயந்து ஓடி வந்தவள் இப்போது எங்கே போய்ப் போடுவாள்?

கம்பெனிக்காரர் எண்ணைத் தேடி அனுப்பினார். அடித்தாள். வேறொருவருடன் பேசிக்கொண்டிருக்கிறார் என்றது. மறுபடி அடித்தாள். இன்னும் பேசிக்கொண்டிருந்தார். அப்படி என்னதான் பேசுவார் அந்த மனிதர்!

மிச்சம் இருந்தது ஓர் எண். அதை அமுக்குவதற்கு முன்னால் அவள் விரல் கொஞ்சம் நின்றது. காலையில் அப்படிப் பேசிவிட்டு இப்போது எந்த முகத்தோடு கூப்பிடுவது? முகமாவது மண்ணாவது என்று அமுக்கினாள். மணி போனது. போய்க்கொண்டே இருந்தது. பெரியவன் எடுக்கவில்லை. மறுபடி, மறுபடி. எடுக்கவில்லை.

"எடுண்ணா. திட்டறதுன்னா எடுத்துத் திட்டு. எடேன்" என்று கத்தரி வாய்விட்டுச் சொன்னாள். ஓட்டுநர் கண்ணாடியில் அவளைப் பார்த்துவிட்டு, வண்டியை இன்னும் கொஞ்சம் அழுத்தினார்.

அழுத்தி என்ன பயன்? சிக்னலுக்கு முன்னால் வண்டிகள் வரிசை வரிசையாக நின்றன. கத்தரி சீட்டின் நுனிக்கு வந்தாள், கதவுக்கு நகர்ந்தாள், திரும்ப நடுவுக்கு வந்தாள். "கொஞ்சம் பொறுங்கம்மா, பச்சை விழட்டும்" என்றார் ஓட்டுநர். பொறுப்பதா? கையில் இருந்த பணத்தாளை அவர் மடியில் போட்டுவிட்டு, மீதியை வாங்காமலே இறங்கி ஓடினாள். கால்களில் சுடுதண்ணீரை ஊற்றிக்கொண்டது போல ஓடினாள். மருந்துக்கடை, சைக்கிள் கடை, பள்ளிக்கூடச் சுவர் எல்லாம் பின்னால் போயின. காதில் போன் மணி அடித்துக்கொண்டே இருந்தது. அண்ணன் எடுக்கவே இல்லை. கோபம் இருக்கத்தானே செய்யும் என்று ஒரு மனம் சொன்னது. பஸ் ஏறியிருப்பான், போய்விட்டிருப்பான் என்று இன்னொரு மனம் சொன்னது. நீதானே போகச் சொன்னாய் என்று இரண்டும் சேர்ந்து சொல்லின.

குடியிருப்பின் வாசலை மிதித்தபோதே சத்தம் கேட்டது. டொக். கொஞ்சம் இடைவெளி. மறுபடி டொக். அத்தோடு நாலைந்து பேர் ஒரே நேரத்தில் கத்துகிற சத்தம்.

கீழ்த்தளத்தில் லிஃப்டின் வாய் திறந்திருந்தது. வாசற்படியில் குறுக்காக ஒரு பெட்டி கிடந்தது. கூடத்தில் காலையில் கிடந்த அதே பெட்டிதான். கதவு வந்து அதன் வயிற்றில் இடிப்பதும், திறப்பதும், திரும்ப வந்து இடிப்பதுமாக இருந்தது. பெட்டிக்குள்ளிருந்து பெரியவனின் போன் அலறிக்கொண்டிருந்தது. கத்தரி காதிலிருந்த தன் போனைப் பார்த்தாள். பிறகு பெட்டியைப் பார்த்தாள். அவன் கோபத்தில் எடுக்காமல் இல்லை.

பெரியவன் பெட்டிக்கு முன்னால் நின்றிருந்தான். சட்டை கசங்கியிருந்தது. செயலாளர் ஒரு கையில் சாவிக்கொத்தும் மறு கையில் போனுமாக லிஃப்ட் கம்பெனியின் புகார் எண்ணோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"ஆமாங்க, பட்டப்பகல்ல பெட்டியக் குறுக்கப் போட்டு லிஃப்ட மறிச்சுட்டு நிக்கறான். யாரா? அஞ்சாவது மாடில வேலவெட்டி இல்லாம ஒருத்தன் இருக்கான். அவன்தான்."

மாடிப்படியின் உச்சியிலிருந்து அம்மாவின் குரல் விழுந்தது. "டேய், அவ மேல இருக்கற கோவத்த அப்பா மேல காட்டாதடா! டாக்டர் போயிடுவார்டா!"

"வேணாம்மா. லிஃப்ட் வேணாம். நான் வந்து தூக்கிட்டு எறங்கறேன்."

"நீ தூக்குவ! தண்ணிக் கேனத் தூக்கச் சொன்னா முதுகு வலிக்குதுன்னு சொல்ற ஆளு!"

இரண்டாவது மாடிக்காரி காய்கறிப் பையைச் சுவரோரம் வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "என்ன ஆச்சுன்னாவது சொல்லித் தொலைங்களேன் தம்பி."

"இதுலதான் எறங்கி வந்தேன். கதவு ஒழுங்கா ஒட்டறதுக்குள்ள நகர்ந்துடுச்சு. இந்தப் பெட்டியோட ஓரம் சிராய்ச்சுடுச்சு. என்னமோ சரியில்லங்க."

"காலைலதான்யா புதுசா போட்டாங்க! உன் தங்கச்சி கம்பெனி செஞ்சது! அதுல போய் நீ தப்புக் கண்டுபுடிக்கறியா?" என்றார் செயலாளர்.

"தப்புன்னு எனக்குத் தெரியாதுங்க. சரியில்லன்னுதான் சொல்றேன்."

"சரியில்லாதது நீதான். நகரு!" என்று செயலாளர் போனைச் சட்டைப் பையில் போட்டார். ஒரு காலை லிஃப்டுக்குள் வைத்தார். மறு கால் வெளியே. குனிந்து பெட்டியின் கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். மேலே அம்மா பொத்தானை அமுக்கியபடியே இருந்தாள். லிஃப்டுக்குள் ஐந்தாவது மாடிக்கான சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்தது. பெட்டி பாதி வந்துவிட்டது.

"பெட்டிய எடுக்காதீங்க!"

அது தன் குரல்தான் என்று கத்தரிக்கே பிறகுதான் தெரிந்தது. ஓடிப்போய் செயலாளரின் இடுப்புப்பட்டியைப் பிடித்து வெளியே இழுத்தாள். வயதில் பெரியவர், மரியாதை, எதுவும் அவளுக்குத் தோன்றவில்லை. அவர் மல்லாக்க விழாமல் பெரியவன் தாங்கிக்கொண்டான். கதவு வந்து பெட்டியின் மூலையில் இடித்தது.

"உனக்கும் புத்தி பேதலிச்சுப் போச்சா?" என்றார் செயலாளர் மூச்சு வாங்க.

"சாவியக் குடுங்க. மொட்டமாடிச் சாவி. அண்ணன் சொல்றது சரி. கதவு ஒட்டறதுக்கு முன்னாடியே இது கிளம்பும்."

"நேத்து வரைக்கும் நல்லாத்தானேம்மா ஓடிச்சு?"

"நல்லாத்தான் ஓடிச்சு. கதவு சாத்தினதும் கொஞ்சம் காத்திருக்கணும்னு அவங்க ஒழுங்கா எழுதியிருந்தாங்க. அது எதுக்கும் ஒதவாத வரின்னு நான் வெட்டிட்டேன். அவங்க இல்ல, நான். சாவியக் குடுங்க."

செயலாளர் அவள் முகத்தைப் பார்த்தார். சாவிக்கொத்தைக் கொடுத்தார்.

தினம் ஏறுகிற படிதான். அன்றைக்கு அது முடிகிற வழியாக இல்லை. ஐந்தாவது மாடியில் அம்மா அவளைப் பார்த்து, "நீ எங்கடி வந்த? உங்கண்ணன் பண்றதப் பாத்தியா?" என்று ஆரம்பித்தாள். கத்தரியின் கண் அப்பாவின் மேல் இருந்தது. லிஃப்ட் கதவை ஒட்டி நாற்காலியைத் தயாராக நிறுத்தியிருந்தாள் அம்மா. இஸ்திரி போட்ட சட்டையும் வாரிய தலையுமாக அப்பா உட்கார்ந்திருந்தார். வலது கால் மிதிபலகையை விட்டு வெளியே தள்ளிக்கொண்டு, கதவைத் தொட்டபடி இருந்தது. கத்தரி மண்டியிட்டு அந்தக் காலை இரண்டு கையாலும் எடுத்துப் பலகையின் மேல் வைத்தாள். நாற்காலியைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பினாள். பிறகு மொட்டைமாடிக்கு ஓடி, இயந்திர அறையைத் திறந்து, பெரிய சுவிட்சை இரண்டு கையாலும் இறக்கினாள். ஓடிக்கொண்டிருந்தது எல்லாம் அடங்கியது. சுவரில் சாய்ந்து நின்று கொஞ்ச நேரம் அழுதாள்.

அவள் இறங்கி வருவதற்குள் பெரியவன் ஐந்தாவது மாடிக்கு ஏறி வந்து அப்பாவை முதுகில் ஏற்றியிருந்தான். அப்பாவின் இடது கை அவன் கழுத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது. வலது கையை அவனே முன்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டான். ஒவ்வொரு மாடியிலும் நின்று, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, மூச்சு விட்டு, மறுபடி இறங்கினான். முதுகு வலிக்கிற மாதிரி முகத்தைச் சுளித்தான். வலித்திருக்கும். பின்னால் கத்தரி மடக்கிய நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். விஷயம் தெரிந்த அம்மா புலம்பலை நிறுத்திவிட்டு, "பாத்து, பாத்து" என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தாள்.

மூன்றாவது மாடித் திருப்பத்தில் அப்பா பேசினார். கோணிய வாயில் அவர் பேசுவது மற்றவர்களுக்குச் சட்டென்று புரியாது.

"என்னண்ணா சொல்றாரு?" என்று கேட்டாள் கத்தரி.

"செருப்பு ஒண்ணு மேலயே விழுந்துடுச்சாம்" என்றான் பெரியவன்.

கத்தரி ஏறிப்போய் அதை எடுத்து வந்தாள்.

கீழே அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். இரண்டாவது மாடிக்காரி வண்டி பிடித்து வைத்திருந்தாள். அம்மா நாற்காலியை வாசல் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள். செயலாளர் ஒரு தாளில் 'ஏறாதீர்கள்' என்று கொட்டை எழுத்தில் எழுதி, ஒட்டுவதற்குப் பசை தேடிக்கொண்டு போனார்.

லிஃப்ட் செத்துக் கிடந்தது. கதவு பெட்டியின் மேல் சாய்ந்தபடி நின்றுவிட்டிருந்தது. பெரியவன் நெற்றியைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டான். குனிந்து பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தான்.

"ரெண்டு மணிக்கு ஒரு பஸ் இருக்கு" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எடுக்காத" என்றாள் கத்தரி.

"அதான் அணைச்சாச்சே. இனிமே இது எதுக்கு இங்க?"

"எதுக்கோ. இருக்கட்டும்."

"காலைல நீதானே..."

"நான்தான் சொன்னேன். சொல்லியிருக்கவே கூடாது. அந்த வார்த்தைய நான் சொல்லியிருக்கவே கூடாது. எடுக்காதண்ணா."

அவன் கைப்பிடியை விடவில்லை. இழுக்கவும் இல்லை. கதவின் விளிம்பு பெட்டியின் வயிற்றில் போட்ட பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வாசலிலிருந்து அம்மா கூப்பிட்டாள். "பெரியவனே, வண்டில ஏத்தணும், வாடா! நீ இல்லாம இவர் என்ன சொல்றாருன்னு டாக்டருக்கு யாருடா புரிய வைக்கறது?"

அவன் தங்கையைப் பார்த்தான். கைப்பிடியை விட்டுவிட்டு வாசலுக்குப் போனான்.

வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது. கத்தரியின் போன் துடித்தது. சல்லடை, மேலாளர், கம்பெனிக்காரர் என்று வரிசையாகக் கூப்பிட்டார்கள். புது நிரல் வருகிறது என்று எல்லோருக்கும் சொன்னாள், தப்பு என்னுடையது என்று எல்லோருக்கும் சொன்னாள், போனை வைத்தாள். பிறகு பெட்டியின் மேல் உட்கார்ந்தாள்.

காய்கறிப் பையை எடுக்க வந்த இரண்டாவது மாடிக்காரி அவளைப் பார்த்துவிட்டு நின்றாள். எப்போதும் படிகளில் பறக்கிறவள் இப்படி உட்கார்ந்து அவள் பார்த்ததே இல்லை.

"லிஃப்ட் இன்னைக்கு ஓடாதேம்மா. இங்க என்ன பண்றீங்க?"

"அண்ணன் வரட்டும்னு" என்றாள் கத்தரி.